ஜன்னல் கம்பியில் கட்டிய போன்

அந்த முற்பகலில் நான் கம்பெனியில் இருந்தேன் என்று கம்ப்யூட்டர் சொல்கிறது. என் பெயரில் உள்ளே நுழைந்து, பாஸ்வேர்டைப் போட்டு, போனுக்கு வந்த நம்பரையும் போட்டு, கைக்குழந்தைகளின் உடுப்பில் பட்டன் சோதனை சரியாக இருக்கிறது என்று பதிந்துவிட்டு வெளியே வந்திருக்கிறேனாம். அந்த நேரத்தில் நான் ஆஸ்பத்திரியில் என் மகளின் கட்டிலோரம் உட்கார்ந்து ட்ரிப்ஸ் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு டெங்கு. ரத்தத்தில் தட்டணுக்கள் இறங்கிக்கொண்டே போகின்றன என்று காலையில்தான் டாக்டர் சொல்லியிருந்தார். அப்போது யாராவது வந்து என் பெயரைக் கேட்டிருந்தால்கூட உடனே சொல்லியிருப்பேனா தெரியாது.

இது நடந்து மாதங்கள் ஆகின்றன. இன்னும் போன் அடித்தால் நான் உடனே எடுப்பதில்லை. பயம் என்று என் கணவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். பாதிதான் பயம்.

வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் நான் குவாலிட்டி இன்சார்ஜ். குழந்தைத் துணி மட்டும் தைக்கிற கம்பெனி. வெளிநாட்டில் கடைகள் வைத்திருக்கும் ஒரு பையர்தான் எங்களுக்கு முக்கியமான ஆர்டர் கொடுப்பவர். குழந்தைத் துணியில் வேறு எது தப்பானாலும் திருப்பி அனுப்புவார்கள், தள்ளுபடி கேட்பார்கள். பட்டன் தப்பானால் அப்படி இல்லை. கையில் கிடைப்பதையெல்லாம் வாயில் வைக்கிற வயதுக் குழந்தைகள் போடுகிற துணி அது. அதனால் ஒவ்வொரு லாட்டிலும் சில துணிகளை எடுத்து, அழுத்துப் பட்டனை மெஷினில் மாட்டி, குறிப்பிட்ட விசையில் இழுத்து நிறுத்திப் பார்ப்போம். பட்டன் கழன்று வரக் கூடாது. வந்தால் அந்த லாட் போகக் கூடாது. முடிவை பையரின் கம்ப்யூட்டர் சிஸ்டத்தில் நான்தான் பதிய வேண்டும். என் பெயர் அதில் நின்றால்தான் பெட்டி கிளம்பும்.

முன்பெல்லாம் பாஸ்வேர்ட் மட்டும் போதும். பிறகு பையர் புது விதி கொண்டுவந்தார். பாஸ்வேர்ட் போட்டதும் அவரவர் போனுக்கு ஒரு நம்பர் வரும். அதையும் போட்டால்தான் கதவு திறக்கும். இதற்காக எங்களுக்கு வீடியோவில் ஒரு வகுப்பு எடுத்தார்கள். பாஸ்வேர்டை யார் திருடினாலும் உங்கள் கையிலிருக்கும் போனைத் திருட முடியாதல்லவா, அதுதான் இரண்டாவது பூட்டு என்று திரையில் ஒரு பெண் சிரித்துச் சிரித்துச் சொன்னாள். நாங்கள் ஏழு பேர், அந்த சிஸ்டத்துக்குள் போகும் உரிமை உள்ளவர்கள், பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து தலையாட்டினோம்.

வகுப்பு முடிந்ததும் மேனேஜர் எழுந்து நின்றார். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவர். எல்லோரையும் அக்கா, அண்ணா என்றுதான் கூப்பிடுவார்.

“ஏனுங்க்கா, கையில இருக்கற போனாமா. நம்ம கம்பெனில கையில போனே இருக்கக் கூடாதுங்களே, அது அவங்களுக்குத் தெரியாதுங்களாட்ட இருக்குது.”

எல்லோரும் சிரித்தோம். அவர் சொன்னது உண்மை. புது டிசைன்களைப் படமெடுத்து வெளியே அனுப்பிவிடுவார்கள் என்று, கேட்டிலேயே வாட்ச்மேனிடம் போனைக் கொடுத்துவிட்டுத்தான் எல்லோரும் உள்ளே போக வேண்டும். அந்த விதியும் இதே பையர் போட்டதுதான். போன் உள்ளே வரக் கூடாது என்பதும் அவர்கள், போன் இல்லாமல் உள்ளே போக முடியாது என்பதும் அவர்கள். இரண்டையும் ஒரே மேஜையில் வைத்துப் பார்க்க அவர்களில் ஒருவருக்கும் நேரம் கிடைக்கவில்லை.

மேனேஜர் ஒரே நாளில் வழி கண்டுபிடித்துவிட்டார். கேமரா இல்லாத ஒரு பழைய பட்டன் போன் வந்தது. ஏழு பேரின் பெயருக்கு நேரேயும் அந்த ஒரே நம்பர் பதிவானது. யாரும் எடுத்துக்கொண்டு போய்விடக் கூடாது என்று, குழந்தை பேன்ட்டின் இடுப்பில் கோக்கிற வெள்ளை நாடாவில் ஒரு முழம் எடுத்து, போனை ஆபீஸ் ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டார். பாஸ்வேர்டும் அவர் வைத்துக் கொடுத்ததுதான். கம்பெனிப் பெயர், பக்கத்தில் ஒன்று இரண்டு மூன்று. ஏழு பேருக்கும் அதே.

அதற்குப் பிறகு எங்கள் ஆபீஸில் நாள் முழுக்க நம்பர் கத்துகிற சத்தம்தான். கம்ப்யூட்டர் முன்னால் இருப்பவர் “வந்துருச்சுங்களா?” என்பார். ஜன்னல் பக்கம் யார் நின்றாலும், டீ கொண்டுவந்தவராக இருந்தாலும், போனைப் பிடித்துப் படிப்பார்.

“நாலுங்க, ஏழுங்க, சைபருங்க, சைபருங்க...”

“ஹவுசி!” என்று பேக்கிங்கிலிருந்து ஒருவர், சீட்டில் நம்பர் அடிக்கிற ஆட்டம் போல, கத்துவார். “எனக்கு மேல் வரிசை முடிஞ்சுதுங்கோ!”

நானும் சிரித்தேன். ஆனால் ஒரு நாள் மேனேஜரிடம் தனியாகக் கேட்டேன். “தம்பி, என் பேருக்காச்சும் என் சொந்த நம்பரப் போட்டுக் குடுங்க. கேட்டுக்குப் போய்ப் பாத்துட்டு வந்து போட்டுக்கறேன். பட்டன் சமாச்சாரமுங்க.”

அவர் நிஜமாகவே வருத்தப்பட்டார். “என்னங்க்கா நீங்க. நம்மளுக்குள்ள என்னங்க்கா?”

இந்தக் கேள்விக்கு எங்கள் பக்கத்தில் பதில் கிடையாது. பூட்டு வேண்டும் என்று கேட்டால், உன்னைத் திருடன் என்று நினைக்கிறேன் என்று சொன்னதாக ஆகிவிடும். பையரின் ஆட்களுக்காவது சந்தேகம் வந்ததா? ஏழு பேருக்கு ஒரே நம்பர் எப்படி என்று ஒருத்தரும் கேட்கவில்லை. எங்கள் கம்பெனியில் எல்லோரும் இரண்டாவது பூட்டுக்கு மாறிவிட்டார்கள் என்று பாராட்டி மெயில் அனுப்பினார்கள். அதை பிரின்ட் எடுத்து நோட்டீஸ் போர்டில் ஒட்டினோம்.

மகளுக்குக் காய்ச்சல் வந்தபோது ஒரு லாட் தையலில் இருந்தது. மெல்லிய துணி. மெல்லிய துணியில் பட்டன் அடித்தால் அதன் பற்கள் துணியையே அறுத்துவிடும், உள்ளே தடித்த துணியில் ஒரு பட்டை வைத்துத்தான் அடிக்க வேண்டும். பட்டை வைக்கச் சொல்லிவிட்டுத்தான் லீவில் போனேன். மூன்றாம் நாள், ஆஸ்பத்திரியில் இருந்தபோது, மேனேஜர் போனில் கூப்பிட்டார். மகள் தூங்குகிறாள் என்று வராண்டாவுக்கு வந்து பேசினேன்.

“பாப்பா எப்பிடிங்க்கா இருக்குது?”

“பரவால்லீங்க தம்பி. சொல்லுங்க.”

“அந்த லாட்ல பாதி ரெடிங்க்கா. ஃப்ளைட்ல அனுப்போணும்னு ஒரே அவசரம் பண்றாங்க. டெஸ்ட் மட்டும்...”

“நான் வந்து பண்ணாம அனுப்பாதீங்க தம்பி. பட்டை வெச்சாங்களா இல்லையான்னே எனக்குத் தெரியாது. ரெண்டு நாள் நிறுத்தி வையுங்க.”

“சரிங்க்கா. நீங்க பாப்பாவப் பாருங்க. அதுதானுங்க முக்கியம்.”

அந்த ‘சரிங்க்கா’வை நான் இன்றும் மன்னிக்கவில்லை. முடியாது என்று சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன், முதலாளியைக் கூப்பிட்டிருப்பேன். அவர் அவ்வளவு மரியாதையாகச் சரி என்று சொல்லி வைத்துவிட்டு, நடந்து போய் ஜன்னலோரம் நின்று, என் பெயரில் நுழைந்தார்.

மகள் தேறி வீட்டுக்கு வந்து, எழுந்து நடக்க ஆரம்பித்து, ஒரு மாதம் கழித்துத்தான் நான் வேலைக்குத் திரும்பினேன். போனைக் கொடுக்க கேட்டில் நின்றபோதே மேனேஜர் எதிரே வந்தார். என் சாப்பாட்டுப் பையை வாங்கிக்கொண்டார். எதுவோ சரியில்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது. நேராக முதலாளி அறைக்குக் கூட்டிப்போனார்.

முதலாளிக்கு அறுபது வயது இருக்கும். எல்லோருக்கும் அவர் அண்ணாதான். மேஜையில் லேப்டாப்பை என் பக்கம் திருப்பினார். ஒரு உள்ளங்கையின் படம். அதில் எங்கள் பட்டன், பின்னால் கொஞ்சம் துணி ஒட்டிக்கொண்டிருந்தது. வெளிநாட்டில் ஒரு குழந்தையின் வாயிலிருந்து அதன் அம்மா விரலை விட்டு எடுத்ததாம். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. கடைக்குப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறாள்.

“பட்டை வைக்கலீங்ண்ணா,” என்றேன். படத்திலேயே தெரிந்தது. “இது எப்பிடிப் போச்சுங்ண்ணா? யாரு டெஸ்ட் பண்ணுனா?”

முதலாளி மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் தரையைப் பார்த்தார்.

“சிஸ்டத்துல உங்க பேர் இருக்குதுங்கம்மிணி,” என்றார் முதலாளி.

எனக்குப் புரிய நேரம் பிடித்தது. புரிந்ததும் மேனேஜரின் பக்கம் திரும்பினேன். “டெஸ்ட்டாச்சும் பண்ணுனீங்களா தம்பி?”

“வண்டி கேட்டுல நின்னுட்டிருந்துச்சுங்க்கா.”

“நான் அதக் கேக்கலீங்க.”

“எப்பவும் பாஸ்தானுங்க்கா ஆகுது...”

என் வாயில் என்னென்னவோ வந்தது. அதற்குள் முதலாளி டீ சொன்னார். டீ வரும்வரை மகளின் உடம்பைப் பற்றி விசாரித்தார். பிறகு, சொந்தத்தில் யாருக்கோ பெண் பார்ப்பதைப் பேசுவது போல, மெதுவாகப் பேசினார்.

“நாளன்னிக்கு வீடியோவுல கேப்பாங்கம்மிணி. ‘நான்தான் பண்ணுனேன், புள்ளைக்கு உடம்பு சரியில்ல, கவனம் தப்பிப் போச்சு’ன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க. அதோட முடிஞ்சு போயிரும். ஒரு லாட்டோட போயிரும்.”

“நான் பண்ணலீங்களேண்ணா.”

“பண்ணலீங்க. யாரு இல்லைன்னா? ஆனா போன் சமாச்சாரத்த எடுத்தீங்கன்னா, இதுவரைக்கும் போன லாட்டெல்லாம் யாரு பாஸ் பண்ணுனதுன்னு தோண்டுவாங்க. ஆர்டர் போயிரும். முந்நூறு பேர் ஊட்டுல அடுப்பெரியோணும் அம்மிணி. நீங்க படிச்சவங்க. யோசிங்க.”

என்னைக் குற்றவாளி என்று ஒருவரும் சொல்லவில்லை. குற்றத்தைக் கொஞ்சம் சுமந்துகொள்ளுங்கள் என்று டீ கொடுத்துக் கேட்டார்கள். சொல்லிவிட்டால் அந்தப் பையரின் பட்டியலில் என் பெயருக்கு நேரே ஒரு கோடு விழும். அவருக்குத் துணி தைக்கிற எந்தக் கம்பெனியிலும் இனி நான் டெஸ்ட் மெஷினைத் தொட முடியாது. அது என் வேலை சம்பந்தப்பட்டது, போகட்டும். ஒரு குழந்தையின் வாய்க்குள் போன பட்டனை நான் சரி என்று சொன்னேன் என்று காலம் முழுக்க எழுதியிருக்குமே, அதை எங்கே போய் அழிப்பது?

வீட்டில் சொன்னேன். என் கணவர் ஒரு சலவைப் பட்டறையில் சூப்பர்வைசர். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை உதறினார்.

“ஆமாங்கன்னு சொல்லிட்டு வந்துரு. இந்த ஊர்ல ஒரு முதலாளிய எதுத்துப் பேசுனா, மத்த முதலாளிக்கெல்லாம் பொழுதோட தெரிஞ்சு போயிரும். எங்க பட்டறையிலயும்தான் பாய்லர் ரீடிங்க யாராச்சும் ஒருத்தன் எழுதறான், எல்லாரு பேரும் இருக்குது. எவன் கேக்கறான்?”

“பாய்லரும் வெடிக்கலையா இன்னும்?” என்றாள் மகள். கஞ்சித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தாள். கழுத்தெலும்பு தெரிந்தது.

“நீ குடி கண்ணு, பேசாத.”

“அம்மா, நீ என் பக்கத்துலதான இருந்தே? ஒவ்வொரு சொட்டா எண்ணிட்டு, நர்ஸ் அக்காவத் திட்டிட்டு? என்னைக் கூப்பிட்டுக் கேக்கச் சொல்லு. அங்கயும் நீ இருந்தீன்னா, அப்ப என்கூட இருந்தது யாரு?”

விளையாட்டாகத்தான் சொன்னாள். எனக்கு அது விளையாட்டாக இல்லை. அவள் உயிருக்கு என்ன ஆகுமோ என்று நான் செத்துக்கொண்டிருந்த நேரத்தை எடுத்து அவர்கள் பொய்க்குப் பயன்படுத்திக்கொண்டார்கள். அந்த நேரம் என்னுடையது. வேறு எதை வேண்டுமானாலும் கேட்டிருக்கலாம்.

வீடியோ அன்று ஆபீஸில் முதலாளி நடுவில், நான் ஒரு பக்கம், மேனேஜர் ஒரு பக்கம். திரையில் மூன்று முகங்கள். இரண்டு பேர் வெளிநாட்டில். ஒருவர் பையரின் இந்திய ஆபீஸில் இருக்கும் பெண். தமிழ் தெரிந்தவள், அவள்தான் இரு பக்கமும் மொழிபெயர்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“இந்த ரிசல்ட்டை பதிஞ்சது உங்க லாகின். ஓடிபியும் சரியா போட்டிருக்கு. அப்ப இது நீங்கதானே மேடம்?”

“இல்லீங்க,” என்றேன். “நான் அன்னிக்கு லீவுங்க. ஆஸ்பத்திரில இருந்தேனுங்க.”

“அப்ப உங்க போனை வேற யாருக்காவது கொடுத்தீங்களா? யார்கிட்டயும் நம்பர் சொல்லக் கூடாதுன்னு ட்ரெயினிங்ல சொன்னோமே.”

அந்தக் குரலில் ஒரு கண்டிப்பு. ஸ்கூலில் ஹோம்வொர்க் செய்யாத பிள்ளையிடம் பேசுகிற குரல். இரண்டு நாளாக அடக்கி வைத்திருந்தது அப்போதுதான் பொங்கியது. நான் வாயைத் திறந்தேன். திரையில் அந்தப் பெண் காதில் கையை வைத்து, கேட்கவில்லை என்று சைகை காட்டினாள். முதலாளி கையை நீட்டி மைக்கை அணைத்திருந்தார்.

“ஏனுங்கம்மிணி,” என்றார் என்னைப் பார்க்காமல், திரையைப் பார்த்துச் சிரித்தபடி. “சித்த யோசிச்சுப் பேசுங்க.”

“யோசிச்சுட்டேனுங்ண்ணா,” என்று நானே மைக்கைப் போட்டேன். பிறகு லேப்டாப்பைத் தூக்கினேன். ஒயர் இழுத்தது, அதைப் பிடுங்கினேன். ஜன்னலுக்குப் போய் திரையைத் திருப்பினேன்.

“தெரியுதுங்களா? நாடாவுல தொங்குதே, இதுதானுங்க என் போன். இதுதான் மெர்ச்சன்டைசர் போன். பேக்கிங்காரர் போன். மேனேஜர் போனும் இதுதான். ஏழு பேருக்கும் இதுதான். டீ கொண்டாறவருக்கும் இதுதானுங்க. கையில இருக்கற போன்னு சொன்னீங்களே, எந்தக் கையிங்க? ஏழு பேருக்கு ஒரே நம்பரு உங்க சிஸ்டத்துலதான பதிவாகியிருக்குது? நீங்க யாராச்சும் ஒரு நாள் கேட்டீங்களா? பாராட்டி மெயில் போட்டீங்களே!”

அந்தப் பெண் இதை இங்கிலீஷில் எப்படிச் சொன்னாள் என்று எனக்கு முழுதாகப் பிடிபடவில்லை. குறைத்துத்தான் சொல்லியிருப்பாள். ஆனால் ஜன்னலையும் நாடாவையும் அவர்கள் பார்த்துவிட்டார்கள். வெளிநாட்டுக்காரர்களில் ஒருவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

முதலாளி பயந்ததில் பாதி நடந்தது. ஆர்டர் போகவில்லை, நிறுத்தி வைத்தார்கள். ஏற்கெனவே கடைக்குப் போன துணியைத் திரும்ப எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்கள். விசாரணைக்கு ஆள் வந்து, பழைய சாம்பிள்களையெல்லாம் மறுபடி இழுத்துப் பார்த்தார்கள். அது முடியும்வரை தையலுக்கு வேலை இல்லை. பட்டன் அடிக்கும் பெண்கள் பலர் தெற்கிலிருந்து குடும்பத்தோடு வந்து காலனியில் வாடகைக்கு இருப்பவர்கள். விசாரணை முடிந்து மெஷின் ஓட ஆரம்பித்த அன்று, சாப்பாட்டுக் கூடத்தில் அவர்களில் ஒருத்தி என் எதிரே வந்து நின்றாள்.

“எக்கா, ஒங்க பேரு சுத்தமாயிட்டுல்லா? ரொம்பச் சந்தோசம். ஒங்க ஒரு பேருக்காக எங்க அத்தன பேரு வாயிலயும் மண்ணு விழுந்துட்டு.”

“ஏம்மா, பட்டை வெக்காம அடிக்கச் சொன்னது நானா?”

“பட்ட தீந்து போச்சுன்னாங்க, அடின்னாங்க, அடிச்சோம். நாங்க என்ன மொதலாளியா? நீங்க லேப்டாப்பத் தூக்கிட்டு ஓடுவீய, ஒங்களுக்கு மாசச் சம்பளம். எங்களுக்கு அடிச்சாத்தான சோறு?”

அவள் கோபம் நியாயமானது. ஆனால் அது ஏன் என் மேஜைக்கு வந்தது? முதலாளி கேட்டில் இறங்கும்போது அதே பெண் எழுந்து நின்று வணக்கம் சொல்கிறாள். மேனேஜரிடம் “சார், நாளைக்கு ஓவர்டைம் இருக்கா?” என்று சிரித்துக் கேட்கிறாள். பொய்ப் பதிவு போட்டவரோடு எல்லோரும் சேர்ந்து டீ குடித்தார்கள், என் டம்ளர் தனியாக இருந்தது. அன்று சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு எழுந்தேன். உண்மையைச் சொன்னால் மனசு லேசாகும் என்று யார் சொன்னது? எனக்குத் தூக்கம்தான் போனது.

விசாரணைக்கு வந்தவர்கள் ஆட்களை மாற்றவில்லை, பழைய ஏற்பாட்டையெல்லாம் மாற்றிவிட்டார்கள். ஏழு பேரும் சொந்தப் போனை உள்ளே கொண்டுபோகலாம். அவரவர் பெயருக்கு அவரவர் நம்பர், அவரவர் வைத்த பாஸ்வேர்ட்.

அந்த லாட்டில் மீதிப் பாதி பேக்கிங்கில் இருந்தது. நானே சாம்பிள் எடுத்து இழுத்தேன். முதல் துணியிலேயே பட்டன் துணியைக் கிழித்துக்கொண்டு கையோடு வந்தது. அடுத்ததும் அப்படியே. ஃபெயில் என்று பதிந்தேன். பையர் பதில் போட்டார். இந்தத் துணி முழுவதையும் வெட்டி அழித்துவிட வேண்டும், அழித்ததும் குவாலிட்டி இன்சார்ஜ் தன் லாகினில் பதிய வேண்டும். அந்தப் பதிவு வந்த பிறகுதான் அடுத்த ஆர்டர்.

ஒரு மதியம் பேக்கிங் பக்கம் போனேன். மினி டெம்போ ஒன்று பின்புறத்தை வாசலோடு ஒட்டி நின்றது. அந்த லாட்டின் பெட்டிகளைப் பிரித்து, கழுத்து லேபிளைக் கத்தரித்து எறிந்துவிட்டு, துணிகளைச் சாக்கில் திணித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு விளங்கிவிட்டது. இந்த ஊரில் ஏற்றுமதியில் கழித்ததெல்லாம் அப்படித்தான் போகும், லேபிள் இல்லாமல், பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடைகளுக்கும் சந்தைக்கும். மலிவு என்று நாமே வாங்கி நம் பிள்ளைகளுக்குப் போடுகிறோம்.

மேனேஜர் என்னைத் தேடித்தான் வந்தார். “அக்கா, அழிச்சாச்சுன்னு ஒரு என்ட்ரி போட்டுருங்க்கா. இன்னிக்கே கேக்கறாங்க.”

“அழிக்கலீங்களே தம்பி. ஏத்தறீங்க.”

“லோக்கலுக்குத்தானுங்க்கா. லோக்கல்ல யாருங்க்கா டெஸ்ட் கேக்கறா?”

நான் சத்தமாகப் பேசிவிட்டேன் போல. முதலாளி அறையிலிருந்து இறங்கி வந்தார். டெம்போ டிரைவர் பீடியைக் காலில் போட்டு மிதித்தார்.

“என்னங்கம்மிணி, நல்ல துணி. எவ்வளவு நூல், எவ்வளவு சாயம். வெட்டிப் போட மனசு வருதுங்களா உங்களுக்கு? நம்மூர்ல புள்ளைங்க இதையெல்லாம் போட்டுத்தான வளந்துச்சு.”

“நம்மூர்ப் புள்ளைங்களுக்குத் தொண்டை வேற மாதிரி இருக்குதுங்களாண்ணா?”

நான் நிறுத்தவில்லை. “டவுன் பஸ்ல எந்தக் குழந்தையப் பாத்தாலும் பட்டன இழுத்துப் பாக்கறேனுங்ண்ணா. பெத்தவங்க என்னைப் புள்ளை புடிக்கறவ மாதிரி பாக்கறாங்க. வெள்ளக்காரக் குழந்தைன்னா ரெண்டு பூட்டு, நம்ம குழந்தைன்னா சாக்கா?”

“அம்மிணி, மொதல்ல என்ட்ரியப் போடுங்க. அப்பறம் பேசிக்கலாம்.”

“வெட்டுங்க. போடறேன்.”

“நீங்க போடலீன்னா...” என்று ஆரம்பித்த மேனேஜர் பாதியில் நிறுத்தினார். நான் போடாவிட்டால் வேறு யாராலும் போட முடியாது என்பது அவருக்கு அந்த இடத்தில்தான் உறைத்தது. போன் என் சேலை இடுப்பில் இருந்தது. எனக்கும் அங்கேதான் உறைத்தது.

முதலாளி ஒரு சாக்கிலிருந்து ஒரு துணியை எடுத்துப் பார்த்துவிட்டு உள்ளே போட்டார். பிறகு டிரைவருக்குக் கையைக் காட்டினார். சாக்குகள் இறங்கின. கட்டிங் செக்‌ஷனில் துணி அறுக்கும் மெஷினைப் போட்டார்கள். நான் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். ஒரு கட்டு, இன்னொரு கட்டு. பிளேடு பட்டனில் பட்டபோதெல்லாம் சத்தத்தில் பல் கூசியது. வெட்டியவர் என்னைத் திட்டினார். மெஷின் சத்தத்தில் கேட்காது என்று நினைத்திருப்பார். “பெரிய கலெக்டர் அம்மா” என்றது காதில் விழுந்தது. விழட்டும். மாலை தையல் விடும் நேரத்தில் அந்தப் பட்டன் அடிக்கிற பெண் வாசலில் நின்று, தான் பட்டன் அடித்ததெல்லாம் துண்டு துண்டாகக் கிடப்பதைப் பார்த்துவிட்டுப் போனாள்.

கடைசிச் சாக்கு காலியானதும் ஆபீஸுக்குப் போனேன். மேனேஜரும் பின்னாலேயே வந்தார். பாஸ்வேர்டைப் போட்டேன். போனில் நம்பர் வந்தது. அவசரத்தில் ஒரு இலக்கத்தை மாற்றி அடித்துவிட்டேன், தவறு என்று சிவப்பாகக் காட்டியது. மறுபடி அடித்தேன், அதற்குள் நேரம் முடிந்துவிட்டது.

“குடுங்க்கா,” என்று கையை நீட்டினார் மேனேஜர். குரலில் அதே மரியாதை. “நான் அடிக்கறனுங்க.”

“வேண்டாங்க.”

புது நம்பர் கேட்டு அழுத்திவிட்டு, போனை அவருக்குத் தெரியாதபடி திருப்பிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன்.